பசையும் இல்லை, நூலும் இல்லை: மிக்மாக் முள்வேலையில் ஒரு பெட்டி மூடி

கனடாவின் கிழக்கு ஓரத்தில் நோவா ஸ்கோஷியா மாகாணம் இருக்கிறது. அங்கும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளிலும் வாழும் மிக்மாக் என்ற பூர்வகுடிப் பெண்கள், பிர்ச் மரப்பட்டையில் முள்ளம்பன்றி முள்ளைப் பதித்துப் பெட்டியில் தொடங்கி நாற்காலி இருக்கை, தொட்டில் வரை செய்திருக்கிறார்கள். இந்த வேலையில் முள்ளைப் பிடித்து நிறுத்தப் பசை கிடையாது, தையல் கிடையாது, முடிச்சு கிடையாது. ஈரப் பட்டையில் முள்ளைவிடக் கொஞ்சம் சிறிய துளை போட்டு, ஊறிய முள்ளை அதற்குள் இழுத்துவிட்டால், காயும்போது பட்டை இறுகும், முள் விறைக்கும். அவ்வளவுதான். இதை நம்பாதவர்கள்தான் பின்பக்கம் பசை தடவுகிறார்கள். பிறகு ஒரு முள் ஒடிந்தால் அதை மட்டும் மாற்ற வழியில்லாமல் விழிக்கிறார்கள்.

நான் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் டார்ட்மவுத்தில் குடியிருப்பவள். மிக்மாக் கலைஞர் ஒருவர் நடத்திய வகுப்பில் இதைக் கற்றுக்கொண்டு, வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் தொடர்ந்து செய்துவருகிறேன். என் வேலை என் வீட்டுக்கும் நண்பர்களுக்கும் மட்டும். விற்பது மிக்மாக் கலைஞர்களின் உரிமை என்பது என் கட்சி. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இங்கே செய்யப்போவது 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட மூடி. முழுப்பரப்பையும் முள்ளால் மூடவேண்டும். பட்டை எங்கும் தெரியக்கூடாது. மூடியின் பரப்பு ஏறக்குறைய 78 சதுர சென்டிமீட்டர். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனும் 2 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு முள், பரப்பில் 0.3 சதுர சென்டிமீட்டரை மூடும். கணக்குப் போட்டால் 260 வருகிறது. ஒடிவது, பிளப்பது எல்லாம் சேர்த்து 350 முள்ளாவது கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முள்

இந்த ஊர் முள்ளம்பன்றியின் உடலில் சுமார் 30,000 முட்கள் இருக்கும். அது முள்ளை எய்யும் என்பது கட்டுக்கதை. தொட்டால்தான் கழன்று வரும். அந்தக் காலத்தில் உயிருள்ள விலங்கின் மேல் கம்பளியைப் போட்டு எடுப்பார்களாம். முட்கள் கம்பளியில் குத்தி நின்றுவிடும், விலங்கு தன் வழியே போய்விடும். இப்போது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் வண்டியில் அடிபட்டுக் கிடப்பவற்றிலிருந்துதான் எடுக்கிறார்கள். காருக்குள் ஒரு ஜோடி தோல் கையுறையும் மூடியுள்ள வாளியும் வைத்துக்கொண்டு திரிபவர்களை இங்கே பார்க்கலாம். அவர்களில் நானும் ஒருத்தி. அக்கம்பக்கத்தார் கேட்டால் மழுப்பிவிடுவேன்.

முள்ளின் கறுப்பு நுனியில், கண்ணுக்குத் தெரியாத செதில்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். அதனால் குத்துவது சுலபம், வெளியே எடுப்பது கடினம். சதைக்குள் போனால் இன்னும் உள்ளேதான் நகரும். வெட்டிய நுனிகளை மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். மேஜையில் சிந்திய ஒன்று கம்பளத்துக்குள் புகுந்து, மாதக்கணக்கில் காத்திருந்து, வெறுங்காலில் நடப்பவரைப் பிடிக்கும்.

பிடுங்கியவற்றைப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போட்டு இரண்டு மூன்று முறை அலசுங்கள். முள்ளில் எண்ணெய்ப் பிசுக்கு உண்டு. அது போகாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். துண்டில் பரப்பிக் காயவிட்டு, பிறகு பிரியுங்கள். நீளத்தைவிடத் தடிமன்தான் முக்கியம். முதுகில் இருப்பவை நீளமானவை, வயிற்றோரம் போகப்போக மெலியும், வாலில் இருப்பவை கட்டையும் முரடுமாக இருக்கும். ஒரே வரிசையில் தடித்ததும் மெலிந்ததும் கலந்தால், எவ்வளவு நேராகத் துளை போட்டாலும் மேற்பரப்பு குண்டும் குழியுமாகத்தான் வரும். நான் பழைய மாத்திரைப் புட்டிகளில் நான்கு தடிமனாகப் பிரித்து வைக்கிறேன். இந்தப் பிரிக்கும் வேலைக்கு ஒரு முழு மாலைப்பொழுது போகும். வானொலி துணை.

நம் ஊர் முள்ளம்பன்றி வேறு இனம். சீமந்தத்தில் வகிடு எடுக்கப் பயன்படுத்தும் கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட முள்ளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு தடிப்பு, எவ்வளவு விறைப்பு என்று. இந்த வேலைக்கு அது வளையாது. அதோடு இந்தியாவில் முள்ளம்பன்றி 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு. ஆகவே தேடிப் போகாதீர்கள்.

சாயம்

முள் என்பது நம் முடி, நகம் போன்ற பொருள். கம்பளிக்குப் பிடிக்கும் சாயம் எல்லாம் இதற்கும் பிடிக்கும். பருத்திக்கான சாயம் சரிவராது. பழைய நாளில் கோல்டுத்ரெட் என்ற சிறு காட்டுச் செடியின் மஞ்சள் வேரிலிருந்து மஞ்சளும், பெட்ஸ்ட்ரா செடியின் வேரிலிருந்து சிவப்பும் எடுத்தார்கள். 1856-இல் வேதியியலாளர் பெர்கின் லண்டனில் முதல் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் அந்தப் பொடிகள் இந்தக் காடுகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டன. ஊதாவும் இளஞ்சிவப்பும் ஒரேயடியாகப் பளிச்சிடத் தொடங்கியது அப்போதுதான். இன்று அருங்காட்சியகங்களில் பார்க்கும் பழைய பெட்டிகள் பழுப்பும் வெளிர் மஞ்சளுமாக அடக்கமாகத் தெரிவதைக் கண்டு, அந்தக் காலத்து ரசனையே அப்படித்தான் போலும் என்று ஏமாறவேண்டாம். வெளிச்சம் படாத பின்பக்கத்தில் முள் நுனிகள் இன்னமும் கண்ணைப் பறிக்கும்.

கம்பளிச் சாயத்தைத் தண்ணீரில் கரைத்து ஒரு கரண்டி வினிகர் விடுங்கள். ஆவி பறக்கவேண்டும், கொதிக்கக்கூடாது. கொதித்தால் முள் உப்பித் துவண்டுவிடும். அரை மணி நேரம் போதும். இந்தப் பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள். கொஞ்சம் முள்ளைச் சாயமிடாமல் வெள்ளையாகவே வையுங்கள். முள்ளின் இயற்கையான வெள்ளைக்கு ஒரு மினுமினுப்பு உண்டு, எந்தச் சாயமும் அதற்கு ஈடாகாது.

பட்டை

பிர்ச் பட்டை வருடத்தில் எல்லா நாளும் உரியாது. ஜூன் கடைசியிலிருந்து ஜூலை வரை, மரத்தில் சாறு ஓடும்போது, மேலிருந்து கீழாக ஒரு கீறல் போட்டால் தானே பிரிந்து வரும். வெளிப்பட்டையை மட்டும் எடுக்கவேண்டும். அதற்கடியில் உள்ள உட்பட்டையில் கத்தி இறங்கிச் சுற்றி வந்துவிட்டால் மரம் செத்துவிடும். விவரம் தெரிந்தவரோடு போங்கள், நிலத்துக்காரரிடம் கேளுங்கள். வெட்டிச் சாய்த்த மரம் கிடைத்தால் அதைவிட நல்லது. எழுதுவதற்கு நம் நாட்டில் பயன்படுத்திய இமயமலைப் பூர்ஜ மரமும் இதன் சொந்தக்காரன்தான். ஆனால் ஏடு உரிப்பதுபோல் மெல்லிய தாள் நமக்கு வேண்டியதில்லை. இரண்டு மில்லிமீட்டர் தடிப்பாவது இருக்கவேண்டும். மடக்கிப் பாருங்கள், வெடிக்காமல் வளைந்து கொடுத்தால் அது நல்ல பட்டை.

உரித்த பட்டை தன்போக்கில் வெள்ளைப் பக்கம் உள்ளே போகும்படி சுருளும். அதன் போக்கிலேயே விடுங்கள்: தேன் நிறமான உட்பக்கம்தான் நமக்கு முகப்பு. எடுத்தவுடன் பலகைக்கடியில் எடை வைத்துத் தட்டையாக்கி வையுங்கள்.

இப்போது பட்டையை வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பாருங்கள். சின்னச் சின்னக் கோடுகள், எல்லாம் ஒரே திசையில், மரத்தைச் சுற்றி ஓடிய திசையில் இருக்கும். பட்டை பிளந்தால் இந்தத் திசையில்தான் பிளக்கும். அந்தக் கோட்டின் மேலேயே வரிசையாகத் துளை போட்டீர்களானால், தபால்தலையின் ஓரம் கிழிவதுபோல் நேராகக் கிழிந்து கையில் வந்துவிடும். எனவே வடிவத்தை வரையும்போது, நீண்ட துளை வரிசைகள் இந்தக் கோடுகளுக்குச் சாய்வாக ஓடும்படி பட்டையைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

வடிவம்

மிக்மாக் முள்வேலையில் ஏன் எங்கே பார்த்தாலும் அம்புமுனைகள், சாய்சதுரங்கள், நட்சத்திரங்கள்? இவற்றுக்குப் பொருளும் மரபும் உண்டு. அதை அவர்கள்தான் சொல்லவேண்டும். ஆனால் கைவேலை தெரிந்தவளாக நான் ஒன்று சொல்வேன். முள் நேரானது, பயன்படும் நீளம் மூன்று நான்கு சென்டிமீட்டருக்குள். அதைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் நேர்கோடும் முக்கோணமும் தானாக வரும். வளைவு வேண்டுமென்றால் ஒவ்வொரு முள்ளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பவேண்டும். திருப்பினால் இடைவெளி விழும்.

எட்டு முனை நட்சத்திரம் இவர்களுடைய மிகப் பழகிய வடிவம், பார்க்கவும் கொள்ளை அழகு. முதல் மூடிக்கு அது வேண்டாம். நடுப்புள்ளியில் எட்டுப் பக்கத்திலிருந்தும் முள் நுனிகள் வந்து கூடும். அந்த ஒரு பைசா அளவு இடத்தில் துளைக்குப் பக்கத்தில் துளையாக விழுந்து பட்டை சல்லடையாகிவிடும். ஒன்றுக்குள் ஒன்றாக அம்புமுனைகள் அடுக்கிய வரிசைகள் மூன்று நான்கு போதும். பென்சிலால் மெல்லியதாக வரையுங்கள்.

பதிப்பது

பட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி மேஜையில் வையுங்கள். முள்ளையும் தனியாகக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். அந்தக் காலத்தில் வாயில் அடக்கி வைத்து ஊறவைப்பார்கள். நீங்கள் செயற்கைச் சாயம் போட்டிருக்கிறீர்கள், வாயில் வைக்கவேண்டாம். ஊறிய முள்ளை விரல்களுக்கிடையில் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும். அமுங்காவிட்டால் இன்னும் ஊறட்டும். ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்துக்கு மேல் தண்ணீரில் போடாதீர்கள்; ஊறியே கிடந்தால் சாயம் கசியும்.

செருப்புத் தைப்பவர் வைத்திருக்கும் குத்தூசிதான் கருவி, ஆனால் அதைவிட மெல்லியதாக வேண்டும். பழைய நாளில் எலும்பில் செய்தார்கள், இரும்பு ஊசி வந்தபின் அதற்கு மாறினார்கள். நான் தடித்த தையல் ஊசியை மரப்பிடியில் செருகி வைத்திருக்கிறேன். முகப்பிலிருந்து பின்பக்கமாகக் குத்துங்கள். துளை, முள்ளின் தடிமனைவிடக் குறைவாக இருக்கவேண்டும். ஊசியை முழுவதும் இறக்கவேண்டாம், நுனி பின்பக்கம் எட்டிப் பார்த்தால் போதும்.

கறுப்பு நுனியை அந்தத் துளையில் விட்டுப் பின்பக்கம் சாமணத்தால் பிடித்து இழுங்கள். நுனியே ஊசியாக வழிகாட்டும். கறுப்பு முழுவதும் பின்னால் போய், சாயமிட்ட உடல் முகப்பில் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். இழுக்கும்போது கையில் ஓர் இறுக்கம் தெரியவேண்டும். சரசரவென்று ஓடினால் துளை பெரிது. அந்தத் துளைக்கு இன்னும் தடித்த முள் ஒன்றை எடுங்கள். பிறகு முள்ளை முகப்பில் படுக்கவைத்து, வடிவக் கோடு முடியும் இடத்தில் இரண்டாவது துளை போட்டு, மறுமுனையை அதற்குள் செலுத்துங்கள். பின்னாலிருந்து இழுத்து, முள் பட்டையோடு ஒட்டிப் படுத்தபின் இரண்டு வால்களையும் பின்பக்கம் விரல் நகத்தால் மடித்துவிடுங்கள். இப்போது வெட்டவேண்டாம்.

அடுத்த முள், முதல் முள்ளை உரசிக்கொண்டு. துளைக்கும் துளைக்கும் இடைவெளி ஒரு முள்ளின் தடிமன்; அதற்குமேல் ஒரு மயிரிழை போனாலும் இடையில் பட்டை தெரியும். வரிசை நெருக்கமாகிப் பட்டை பயமுறுத்தினால், துளைகளை ஒன்றுவிட்டு ஒன்று அரை மில்லிமீட்டர் முன்னும் பின்னுமாகப் போடுங்கள். முகப்பில் அது தெரியாது. முள்ளைத் தட்டையாக நசுக்காதீர்கள். தோலில் செய்யும் முள்வேலையில் தட்டையாக்குவார்கள். பட்டையில் அதன் உருட்சிதான் அழகு. சாய்ந்த வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு முள்ளும் தனித்தனியாக ஒளியை வாங்கும், அம்புமுனையின் இடப்பக்கம் ஒரு நிறம் வலப்பக்கம் வேறு நிறம் என்று தோன்றும், இரண்டும் ஒரே சாயத்தில் தோய்ந்தவையாகவே இருக்கும்.

முள் நடுவில் வெள்ளைக் கீறலாக மடிந்தால் அது காய்ந்த முள், தூக்கிப் போடுங்கள். வில்லாக உயர்ந்து நின்றால் ஈரத்துணியை ஒரு நிமிடம் அழுத்தி வைத்துப் பின்னாலிருந்து மறுபடி இழுங்கள். நடுவிலிருந்து வெளியே போங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் கடைசியில் நடுவில் மிஞ்சும் இடம் எந்த முள்ளுக்கும் பொருந்தாத கோணலாக இருக்கும்.

இங்கே குளிர்காலத்தில் வீட்டுச் சூடேற்றி பட்டையைக் கண் முன்னாலேயே காயவைத்து முறுக்கிவிடும். மூடுபனி இறங்கும் ஜூன் மாதம்தான் இந்த வேலைக்கு நல்ல மாதம். எந்த மாதமானாலும், எழுந்து போகும்போது மூடியை ஈரத்துணிக்குள் வையுங்கள். ஆனால் இரண்டு நாளுக்கு மேல் ஈரமாகவே வைத்தால் பூசணம் பிடிக்கும். முடிந்ததும் இரு பக்கமும் தாள் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, முழுக்கக் காயவிடுங்கள். அதன் பிறகுதான் பின்பக்க வால்களை நகம்வெட்டியால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டவேண்டும்.

ஓரமும் பெட்டியும்

ஓரம் கட்ட ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தின் மெல்லிய வேர் வேண்டும். பாசி படர்ந்த இளகிய மண்ணில் கையாலேயே தோண்டி இழுக்கலாம். தோலை உரித்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் சமமாகப் பிளக்கவேண்டும். எந்தப் பக்கம் மெலிகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தை அதிகம் வளைத்தால் பிளவு நடுவுக்குத் திரும்பும். மூடியின் விளிம்பில் ஸ்வீட்கிராஸ் என்ற மணப்புல்லை ஒரு சிறு கற்றையாக வைத்து, ஊறிய வேரால் சுற்றிச் சுற்றித் தையுங்கள். உப்பங்கழி ஓரங்களில் வளரும் புல் அது; காயக் காய வெனிலா வாசம் ஏறும். வருடங்கள் கழித்துத் திறந்தாலும் பெட்டிக்குள் அந்த வாசம் இருக்கும்.

பெட்டியின் உடல் சுலபம். மெல்லிய மரப்பலகையில் வட்ட அடித்தளம், அதைச் சுற்றிப் பட்டையில் இரண்டு வளையங்கள். உள்வளையம் வெளிவளையத்தைவிட ஒரு சென்டிமீட்டர் உயரமாக நிற்கவேண்டும், மூடி அதன்மேல்தான் உட்காரும். மூடியின் உள்ளே மெல்லிய பட்டையால் அடைத்துவிட்டால் முள் வால்கள் மறையும்.

யாருடைய வேலை இது

ஐரோப்பியர் வந்தபின், நிலமும் வேட்டையும் கைவிட்டுப் போன மக்களுக்கு இது சோறு போட்ட தொழில். ஹாலிஃபாக்ஸில் இறங்கிய படை அதிகாரிகளும் பயணிகளும் வாங்கினார்கள். அந்த வீடுகளுக்கு எது வேண்டுமோ அதை மிக்மாக் பெண்கள் செய்து கொடுத்தார்கள்: விசிட்டிங் கார்டு உறை, சுருட்டுப் பெட்டி, தேநீர்க் கெண்டியின் மேலுறை, கணப்புக்கு முன்னால் வைக்கும் திரை. நாற்காலியின் இருக்கைக்கும் முதுகுக்கும் தனியாக முள் பதித்த பட்டைகள் செய்து மரவேலைக்காரருக்குக் கொடுத்தார்கள். பிரிட்ஜ்வாட்டரில் உள்ள டெஸ்பிரிசே அருங்காட்சியகத்தில் ஒரு தொட்டில் இருக்கிறது. 1868-ஐ ஒட்டி கிறிஸ்டினா மோரிஸ் முள்வேலை செய்த தொட்டில் அது. ஒரு சிறிய மூடிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரிந்தபின் அதைப் போய்ப் பாருங்கள். அதற்கு முன்னால் பார்த்தால் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவீர்கள். செய்தவர் பெயர் தெரிந்த பழைய வேலை அபூர்வம். வாங்கியவர் பெயரோடு அருங்காட்சியகத்துக்கு வந்தவைதான் அதிகம், அதில் எனக்குக் கோபம் உண்டு.

விற்பது அவர்கள் உரிமை என்று நான் சொல்வது இதனால்தான். பிரின்ஸ் எட்வர்ட் தீவில் எபெக்விட்க் குவில் சிஸ்டர்ஸ் என்ற பெயரில் மூன்று மிக்மாக் பெண்கள் சேர்ந்து இந்தக் கலையை மீட்டுப் புதுப்பித்துவருகிறார்கள். இத்தனைக்கும் அந்தத் தீவில் முள்ளம்பன்றியே கிடையாது. வாங்க நினைப்பவர்கள் இவர்களைப் போன்றவர்களிடம் வாங்குங்கள். விலையைக் கேட்டு முகம் சுளிப்பதற்கு முன், ஒரு சதுர அங்குலம் செய்து பாருங்கள்.

செய்ததை வெயில் நேராக விழும் ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள், சாயம் சீக்கிரம் போய்விடும். தூசியை உலர்ந்த மெல்லிய தூரிகையால், முள் படுத்திருக்கும் திசையிலேயே தட்டிவிடுங்கள், ஈரத்துணி வேண்டாம். கம்பளியை அரிக்கும் பூச்சிகளுக்கு முள்ளும் பிடிக்கும், எனவே வருடத்துக்கு இரண்டு முறை மூடியைக் கழற்றி விளிம்பில் பொடி உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கவேண்டாம், உள்ளே ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். அமிலமில்லாத தாளில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்தால் போதும்.